பெட்டிக்குள் ஒரு கொடி

ஆடி மாதத்தில், மேற்கு மலைகளில் மழையை இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு தொடரைத் தாண்டி வருகிற கச்சான் காற்று, ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசனையைக் கொடுத்துக்கொண்டே நமுனுகுலச் சரிவுகளில் வீசும் நாட்களில், அசையாதது என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றும் மலையில் இருப்பதில்லை. சவுக்கு மரங்கள் சாய்ந்து நிமிரும். முள்முருக்கின் இலைகள் வெளுப்புக் காட்டிப் புரளும். கொழுந்தெடுக்கும் பெண்களின் முக்காட்டுத் துணிகள் படபடக்கும். எல்லாம் ஆடும் அந்நேரத்தில், காற்றின் தாளத்தை அறிந்து தானும் அதே அளவாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, தேயிலைத் தூரின்மேல் ஒரு கொடித்தண்டாகக் கிடக்கும் பச்சைப் பாம்பைக் கண்டுபிடிப்பது, வருஷக்கணக்காகக் கொழுந்தெடுத்துத் தேர்ந்த விரல்களுக்கும் எளிதன்று. என் பன்னிரண்டாம் வயதில் ஒரு நாள், காற்று திடீரென்று நின்றபோது, அது மட்டும் ஒரு கணம் அதிகமாக ஆடிவிட்டது. அந்த ஒரு கணத்தில்தான் என் தாயார் அதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். நான் அதைப் பிடித்தேன்.

பிடித்ததற்குக் காரணம் அழகு என்றே சொல்ல வேண்டும். நான்கடிக்குக் குறையாத நீளமும் என் சுண்டுவிரலளவு பருமனும் கொண்ட அச்சரீரத்தில், அன்று முளைத்த இலையின் நிறம் நுனிமூக்கிலிருந்து வால்வரை ஒரே சீராக ஓடிற்று. அடிவயிற்றின் இருமருங்கிலும் வெள்ளைக் கோடு ஒன்று, ஓவியன் ஒரே மூச்சில் இழுத்தாற்போல் நீண்டிருந்தது. அவ்வழகு எப்பொழுதும் என் கண்முன் இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். வளர்ப்பவன் ஒவ்வொருவனுடைய ஆசைக்கும் வேர் இதுதான் என்பதும், வளர்க்கப்படும் பிராணியின் துன்பத்துக்கும் பெரும்பாலும் இதுவே வேர் என்பதும் எனக்கு அப்பொழுது தெரியாது.

காகிதச் சாக்குகள் வருவதற்கு முன்பு, தொழிற்சாலையிலிருந்து தேயிலை பலகைப் பெட்டிகளிலேயே கொழும்புக்குப் போயிற்று. விளிம்புகளில் தகரப்பட்டை அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய அப்பெட்டிகள், உடைந்தவையும் கழிக்கப்பட்டவையுமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வந்து, அரிசிப் பெட்டியாகவும் துணிப் பெட்டியாகவும் சில வீடுகளில் தொட்டிலாகவும் இரண்டாம் பிறவி எடுத்தன. அப்படிப்பட்ட பெட்டி ஒன்றை வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் படுக்கவைத்து, ஈயத்தாளைச் சுரண்டி எடுத்து, அடியில் மானாப்புல் பரப்பி, ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்து, திறந்த பக்கத்துக்குக் கம்பிவலை அடித்து, என் பாம்புக்கு அரண்மனை கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் அது அந்தப் புல்லைத் தொடவில்லை. வலையின் மேல்மூலையில் தொற்றிக்கொண்டு, மேலே போவதற்கு வழி தேடித் தேடித் தன் நீண்ட மூக்கைக் கம்பியில் தேய்த்தது. மூன்றாம் நாள் மூக்கின் நுனியில் இரத்தம் கண்டது.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில், தேயிலையைத் தறிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்தே முதுமையடைந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் வந்து பெட்டிக்கு முன் குந்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நீ கட்டியிருக்கிறது நல்லபாம்புக்கு வீடு. இது கொப்புல பொறந்து கொப்புல சாகிற சாதி. பெட்டிய நிமித்தி வையி. இன்னொரு பெட்டிய அதுக்கு மேல வையி. கொப்ப வெட்டியாந்து குறுக்கால சொருகு. அந்தக் கம்பிய மொதல்ல கழட்டு" என்றார். அன்று மாலையே இரண்டு பெட்டிகளின் நடுப்பலகையை அறுத்தெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினோம். கம்பிக்குப் பதிலாகப் பழைய வேட்டித் துணியை இழுத்துக் கட்டினோம். முருக்கங்கொப்புகளையும் இலையடர்ந்த கொய்யாக்கிளைகளையும் உயரம் உயரமாகக் குறுக்கே பொருத்தினோம். பாம்பு மேலேறி, இரண்டு கிளைகளுக்கிடையே உடம்பை மடித்துப் போட்டு, பிடிபட்ட நாளுக்குப் பின் முதன்முறையாக அசையாமல் இருந்தது.

பெட்டி ஒரு பங்கு பெரிதானதனால் மட்டும் அம்மாற்றம் நேர்ந்ததென்று நான் எண்ணவில்லை. படுத்திருந்த இடம் நிமிர்ந்து நின்றதில்தான் அதன் இரகசியம் இருந்தது. ஒவ்வொரு ஜீவனின் சரீரத்திலும் ஒரு திசை எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு வீடு கட்ட விரும்புகிறவன் முதலில் வாசிக்க வேண்டியது அவ்வெழுத்தைத்தான். தரையில் வாழும் பாம்போடு ஒப்பிட்டால், மரத்தில் வாழும் பாம்புக்கு இருதயம் தலைக்கு அண்மையில் அமைந்திருக்கிறது. செங்குத்தாக ஏறும்போது இரத்தம் வால்பக்கம் தேங்கி மூளை வறண்டுபோகாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. அதன் தோலும் தசையும் உடலை இறுக்கிப் பிடித்திருப்பதும் அதே நோக்கத்துக்காகத்தான். வால் ஒரு கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, உடலின் பாதியை யாதொரு தாங்கலுமின்றி வெறும் வெளியில் நீட்டி அடுத்த கிளையைத் தொடும் வல்லமை அதற்கு உண்டு. இவ்வளவு ஆயத்தங்களோடு பிறந்த ஓர் உடலைப் புல்மெத்தையில் கிடத்துவது, நீந்தப் பிறந்ததைப் பட்டுத்துணியில் வைப்பதற்குச் சமானம்.

அதன் கண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெரும்பாலான பாம்புகளின் கண்மணி வட்டமாகவோ நெடுக்காகவோ இருக்க, இதற்கோ படுக்கைவாட்டில், பழைய பூட்டின் சாவித்துளை போல் அமைந்திருக்கிறது. கண்ணின் முன்னே மூக்குவரை ஒரு பள்ளம் ஓடுகிறது; அப்பள்ளத்தின் வழியாக இரு கண்களின் திருஷ்டியும் முன்னால் ஒன்றுகூட, இலைக்கும் இலைக்கும் நடுவில் ஓணான் இருக்கும் தூரத்தை அது அளந்துகொள்கிறது. இப்படிப்பட்ட கண்ணுடையதை மனிதர் கண்ணைக் கொத்துவதாகக் கருதிக் 'கண்கொத்திப் பாம்பு' என்றார்கள். சிங்களத்திலும் அதன் பெயருக்குக் கண்ணைப் பறிப்பது என்பதே பொருள். போர்த்துக்கேயரான ஜோவாவோ ரிபெய்ரோ 1685இல் இந்நம்பிக்கையைக் குறித்துவைத்தார். அச்சிங்களப் பெயரிலிருந்தே 'அஹேதுல்லா' என்னும் விஞ்ஞானப் பெயரும் பிறந்தது. உண்மையில் அதன் விஷப்பற்கள் வாயின் பின்பகுதியில் இருக்கின்றன. அவ்விஷம் ஓணானை அடக்கப் போதுமானது. மனிதனுக்கு வீக்கமும் நோவும் தருமேயன்றி உயிருக்கு உலை வைப்பதில்லை. அதன் உறவான கொம்பேறிமூக்கனோ, கடித்துவிட்டு மரமேறிப் பிணம் எரிவதைப் பார்த்திருக்குமென்று நம் பாட்டிமார் சொல்லிவந்த பழியைச் சுமந்துகொண்டே, விஷமென்பதே இல்லாமல் வாழ்கிறது.

பெயரைப் பற்றிய வேறொரு செய்தியும் என் மனத்தைத் தொடுகிறது. தமிழ்நாட்டுச் சமவெளியிலும் இலங்கை மலையிலும் வாழ்வது ஒரே இனமென்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2020இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று அவற்றைப் பகுத்து, மூல இனமாகிய அஹேதுல்லா நசுட்டா இலங்கைக்கே உரியது என்று நிறுவிற்று. எங்கள் முன்னோர் மன்னார்த் துறையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறியபோது, ஊரில் பார்த்த பாம்பின் பெயரையும் உடன் கொண்டுவந்து, இங்கே கண்ட பச்சைக்கு அதையே சூட்டினார்கள். பெயர் அக்கரையிலிருந்து வந்தது. பாம்பு இம்மண்ணில் விளைந்தது. இரண்டும் பிரிக்கமுடியாதபடி பொருந்திப்போயின.

நிமிர்ந்த பெட்டியில் பாம்பு அமைதியடைந்தாலும் தண்ணீர் குடிக்கவில்லை. சிரட்டையில் தேங்கிய நீர் அதன் அனுபவத்தில் இல்லாத பொருள். அது அறிந்திருந்த தண்ணீர் மழைக்குப் பின் இலையில் நிற்கும் துளியே. பீலியிலிருந்து நீர் கொண்டுவந்து கொய்யா இலைகளின்மேல் விரலால் தெளித்தபோது, அது மெல்ல நகர்ந்து, துளிதுளியாக, அவசரமே இன்றி உறிஞ்சியது. காலையும் மாலையும் அப்படித் தெளிப்பது என் கடமையாயிற்று. ஈரம் இருக்க வேண்டும். ஆனால் காற்றோட்டம் இல்லாத ஈரம் பூஞ்சையாக மாறும். வெயில் வேண்டும், ஆனால் வெப்பம் தாளாதபோது ஒதுங்கப் பெட்டியின் மறுபாதியில் நிழலும் வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு மரம் பிரயாசையின்றிச் செய்துகொண்டிருக்கிறது என்பதும், மரத்தைக் கைப்பாட்டால் செய்துபார்க்க முயல்கிறவனுக்கு ஒரு நாளின் முழு நேரமும் போதாது என்பதும் எனக்கு மெல்ல மெல்லப் புலனாயின.

ஆகாரம் இன்னும் பெரிய தர்மசங்கடம். செத்த ஓணானை அது திரும்பிப் பார்க்கவில்லை. அசைவதே அதற்கு உணவு. உயிருள்ள பச்சோணான் ஒன்றை உள்ளே விட்டு நெடுநேரம் காத்திருந்த பின், கொடி போலத் தொங்கிய அவ்வுடலின் முன்பகுதி அம்பாகி, ஓணானின் கழுத்தைக் கவ்வி, தரையைத் தொடவிடாமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்தது. விஷம் வேலை செய்யுமட்டும் பொறுத்திருந்து, தலைப்பக்கமாக விழுங்கிற்று. காட்டில் அது இயற்கையின் நியதி. இஸ்தோப்பிலோ அந்த ஓணானைத் தேர்ந்து பிடித்து மரணத்துக்கு அனுப்பியவன் நான். ஒரு ஜீவனுக்கு அபயம் கொடுத்ததாக நினைத்தவன், பல ஜீவன்களுக்கு யமனாகவும் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. அப்பொறுப்பின் கனம் ஒரு சிறுவனின் தோளுக்கு அதிகம்.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரப்பாம்பு வளர்ப்பு ஒரு நுட்பமான கலையாக வளர்ந்திருக்கிறது. நியூகினியின் பச்சை மரமலைப்பாம்பை வளர்ப்போர், போதிய உயரமுள்ள கூடு அமைத்து, பாம்பின் உடற்பருமனுக்கு ஒத்த கழிகளைப் பல உயரங்களில் கிடையாகப் பொருத்தி, ஒரு பக்கம் வெம்மையும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக வைத்து, நேரந்தவறாமல் நீர்ப்புகை தூவி, இலைத்திரை அடர்த்தியாகக் கட்டுகிறார்கள். அந்தத் திரை இல்லாவிட்டால், வெம்மையும் ஈரமும் கணக்காக இருந்தும் பாம்பு உண்ண மறுத்துவிடுவதுண்டு. காட்டிலிருந்து பிடித்துவருபவை ஒட்டுண்ணிகளோடும் அச்சத்தோடும் வந்து மடிவதைக் கண்டு, கூட்டிலேயே பிறந்தவற்றை மட்டும் ஏற்கும் விவேகமும் நல்ல வளர்ப்போரிடம் உண்டு. ஆயினும் சிறைப்பட்ட உடல் தன் காலத்தைத் தானே காத்துக்கொண்ட ஒரு சம்பவம் என்னை நெடுநாள் சிந்திக்கச் செய்தது. இலண்டன் மிருகக்காட்சிசாலையில் 1885 ஆகஸ்டிலிருந்து தனியே வைக்கப்பட்டிருந்த கண்கொத்திப் பெண்பாம்பு ஒன்று, 1888 ஆகஸ்டில் குட்டிகளை ஈன்றது. முட்டையிடாமல் குட்டி போடும் இவ்வினத்தின் அந்தத் தாய், தன் காட்டில் பெற்ற உயிர்வித்தை மூன்று ஆண்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் உடலுக்குள் பொத்திவைத்திருந்ததென்றே கருதப்படுகிறது. தன் காட்டைச் சுமந்துகொண்டே அது அந்நகரில் இருந்திருக்கிறது.

அழகைக் கண்முன் வைத்திருக்கும் ஆசை வியாபாரமாகும்போது மலைகள் வறுமையடைகின்றன. அப்புத்தளைக்கு மேலேயுள்ள குளிர்காடுகளில் மரப்பட்டையோடு மரப்பட்டையாக வாழும், மூக்கில் கொம்புடைய ஓணான்கள், வெளிநாட்டுக் கூடுகளுக்காகக் களவாகக் கொண்டுசெல்லப்பட்டதனால், 2019இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாடு அவற்றின் வாணிபத்துக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும், பாதுகாக்கப்பட்ட காட்டுயிர்களை அனுமதியின்றிப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியிருக்கின்றன. நான் சிறுவயதில் செய்ததை இன்று ஒரு பிள்ளை செய்யக்கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. தேயிலைத் தூரில் கிடக்கும் பச்சையெல்லாம் ஒரு பச்சையல்ல. இத்தீவுக்கே உரிய பச்சைப் புடையன், தலை முக்கோணமும் உடல் தடிப்புமாக, பச்சையில் கரும்புள்ளிகள் கலந்து, பகலில் தூருக்குள் சுருண்டு உறங்குகிறது. கொழுந்துக்கு நீளும் கை அதன்மேல் பட்டுக் கடியுண்ட பெண்கள் தோட்டங்களில் பலர். கடித்த கை பெரிதாக வீங்கி வாரக்கணக்கில் வருத்தும். சிலருக்கு இரத்தம் உறையும் சக்தியும் கெடும். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்காகச் செய்யப்பட்டது. பச்சைப் புடையன் அக்கணக்கில் இல்லை. அன்று என் கையில் அகப்பட்டது மெலிந்த பச்சையாக இருந்தது என் பாக்கியம் என்பதை, அறிவு வந்த பின்பே அறிந்து நடுங்கினேன்.

வைத்திருத்தலில் அறம் காத்தவர்களையும் இங்கே நினைக்கிறேன். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பிடித்த பாம்புகளைத் துணி கட்டிய மண்பானைகளில் சில வாரங்கள் மட்டும் வைத்து, மருந்துக்காக விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சிறு அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகிறது. சட்டையுரிக்கும் காலம் வந்து அவ்வடையாளம் மறையுமட்டும் அப்பாம்பு மறுபடி பிடிக்கப்படுவதில்லை. அங்கே வைத்திருப்பதற்கு ஒரு நோக்கம் உண்டு. நோக்கம் முடியும் நாளும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. என் பெட்டிக்கோ இரண்டும் இருக்கவில்லை.

இவற்றையெல்லாம் யோசிக்கும்போது, நான் பிறந்த காம்பராவை நினையாதிருக்க முடிவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று எங்கோ யாரோ வகுத்த அளவில், வரிசை வரிசையாக, ஒரே கூரையின்கீழ் அவ்வறைகள் கட்டப்பட்டன. அதில் குடியிருக்கப்போகிற உடல்கள் எதற்காகப் பிறந்தவை, எந்தத் திசையில் வளர விரும்புபவை என்று அளந்தவர் கேட்டதாகத் தெரியவில்லை. வேலைத்தலத்துக்குப் பக்கமாக இருப்பதே போதுமான நியாயமாயிற்று. வீட்டின் இடத்தைக்கூட அதில் வாழ்பவர் தேர்ந்ததில்லை என்பதன் முழுக் கொடுமையையும், 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நாடு கண்டது. எங்களைச் சுற்றி நின்ற தேயிலையும், தன்போக்கில் விட்டால் மரமாய் ஓங்கக்கூடிய ஒரு சாதி. சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்துக் கத்தி வந்து அதை இடுப்பளவில் நிறுத்திவைக்கிறது. உயரத்தைத் தறிப்பதே தன் ஆயுள்காலத் தொழிலாகச் செய்த ஒரு கிழவர்தான், ஒரு பாம்பின் உயரத்தை எனக்குச் சொல்லித்தந்தார் என்பது இப்பொழுது நினைத்தாலும் நெஞ்சை உருக்குகிறது.

ஏறக்குறைய ஒரு மாதம் அது என்னிடம் இருந்தது. விடுவித்ததற்கு ஒரு சிறு சம்பவம் காரணம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து துணியை விலக்கும்போதெல்லாம், அது கழுத்தை உப்பவைத்துச் செதில்களுக்கிடையே கறுப்பும் வெள்ளையுமாகத் தோலைக் காட்டி, இளஞ்சிவப்பு வாயைத் திறந்து என்னை எச்சரித்தது. ஒரு மாதம் கழிந்தும் அந்த அச்சம் குறையவில்லை. ஒரு நாள் அதற்குக் காரணம் எனக்குத் தோன்றிற்று. உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பவனைக் 'கண்கொத்திப் பாம்பாய்ப் பார்க்கிறான்' என்று நம் பேச்சில் சொல்வதுண்டு. அந்தப் பெட்டியின் முன் நாளெல்லாம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான். உயரம் கொடுத்தேன், துளிநீர் கொடுத்தேன், இரை கொடுத்தேன். ஆனால் மறைவைக் கொடுக்கவில்லை. பார்க்கப்படாமல் இருப்பதையே தன் ஜீவதர்மமாகக் கொண்ட ஒன்றுக்கு, இலையை விலக்கி விலக்கி நோக்கும் ஒரு கண், ஓயாத பருந்தின் நிழலைப் போன்றது. நான்கு பேருக்கு ஓர் அறை என்று வளர்ந்த எனக்கு, ஒதுங்கி இருப்பதற்கு ஒரு மூலையில்லாத வாழ்வின் சோர்வு தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும், அதே வாழ்வை வேறொன்றின்மேல் சுமத்தியிருந்தேன்.

மறுநாள் விடியலில், பீலிக்கரைக்கு மேலே ஓடையோரமாக வெட்டாமல் விட்டிருந்த மரங்களிடம் அதைக் கொண்டுபோனேன். பெரியவரும் கூட வந்தார். ஒரு முருக்கின் தாழ்ந்த கிளையில் அதை வைத்ததும், அது ஓடவில்லை. வாலால் கிளையைச் சுற்றிக்கொண்டு, உடம்பின் பாதியை வெளியில் நீட்டி, அடுத்த மரத்தின் இலைக்கூட்டத்தை ஒருமுறை அளந்தது. பிறகு நீண்டது. காற்று எழும்பிற்று, இலைகள் ஆடின, அதுவும் ஆடிற்று. கைகளால் எட்டக்கூடிய தூரத்தில், கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இருவர் முன்னிலையில், எது கொடி எது பாம்பு என்று தெரியாமல் போயிற்று.

"போயிருச்சா, தாத்தா?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல, தம்பி. அங்கதான் இருக்கு" என்றார் பெரியவர். "நமக்குத் தெரியல. அவ்வளவுதான்."